நாற்பது போர்ட்டுக்கும் பொட்டு

என் கடைக்குக் கதவில்லை, பெயர்ப்பலகை இல்லை, வாசலில் தேசிக்காயும் மிளகாயும் கட்டித் தொங்கவிட ஒரு நிலையும் இல்லை. புலோலியில் எங்கள் வீட்டுப் பின்னறையில் இரண்டு றாக்கை, ஒரு மேசை, பார்சல் சுற்றுகிற குமிழ்த்தாள், ஒரு கொம்பியூட்டர். நான் கறண்டுக்கடை என்று பெயர் வைத்திருப்பது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இன்ரநெற்றில் இருக்கிறது. மைக்ரோகொன்ட்ரோலர் போர்ட் விற்கிறேன் என்று சொன்னால் எங்கள் ஊரில் பாதிப்பேர் தலையாட்டிவிட்டுப் போவார்கள். மீதிப்பேர் அரசாங்க வேலை ஒன்றும் சரிவரவில்லையா என்று இரக்கத்தோடு கேட்பார்கள்.

தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். அது தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பச்சைத் தகடு. நடுவில் ஒரு கறுப்புச் சிப், இரண்டு பக்கமும் வரிசையாகக் கம்பிக் கால்கள். கொம்பியூட்டரில் நாலு வரி எழுதி இதற்குள் ஏற்றிவிட்டால் சொன்னதைச் செய்யும். விளக்கைப் போடும், நூர்க்கும், தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் மோட்டரை நிற்பாட்டும். சொன்னதை மட்டும் செய்யும், சொல்லாததைச் செய்துவிட்டு மேடையேறி மாலை வாங்காது. மனிதரைவிட இதில் எனக்குப் பிரியம் அதிகம் என்றால் காரணம் அதுதான்.

வாங்க வருகிறவர்களைப் பற்றிக் கேட்காதீர்கள். வட்ஸ்அப்பைத் திறந்தால் "அக்கா கடைசி விலை என்ன" என்பதுதான் வணக்கம். எதன் கடைசி விலை என்று கேட்டால் பதில் வராது. அதற்கு அடுத்ததாக ஒரு தாய் வருவார். மகனுக்கு நாளைக்குப் புத்தாக்கப் போட்டி, "செய்து முடிச்ச கண்டுபிடிப்பு" ஒன்று இருக்குமோ என்று கேட்பார். கண்டுபிடிப்பை றாக்கையில் அடுக்கி விற்பதில்லை என்றால் கோபம் வேறு. ஒருவர் போர்ட்டை வாங்கி, கொம்பியூட்டரில் பொருத்தாமல் நேரே சுவர்ச் சொக்கெற்றில் கம்பி செருகி, புகை வந்த பிறகு "பழுதான சாமான்" என்று திருப்பி அனுப்பினார். பார்சலைப் பிரிக்க முதலே கருகல் நாறியது.

இவ்வளவு சலிப்போடும் ஏழு மாவட்டத்துக்குப் பார்சல் போய்க்கொண்டிருந்தது என்றால், அது என் பெயரால் போனது. கறண்டுக்கடையில் வாங்கினால் சாமான் வேலை செய்யும், செய்யாவிட்டால் அவள் காரணம் சொல்லுவாள். இது பொடியள் மத்தியில் பரவியிருந்த பேச்சு. ஒவ்வொரு போர்ட்டையும் ஏற்றிப் பார்க்காமல் நான் பார்சல் கட்டியதில்லை. கண்ணாடி அலுமாரியும் ஏசியும் வைத்துக் கடை நடத்துகிறவருக்குப் பெயர் கெட்டாலும் அலுமாரி மிஞ்சும். எனக்குப் பெயர் போனால் மிஞ்சுவது குமிழ்த்தாள்தான்.

அந்தப் பெயரைத்தான் செல்வநாயகம் சேர் ஒரு வெள்ளிக்கிழமை சந்தனக் கிண்ணத்துக்குள் முக்கி எடுத்தார்.

செல்வநாயகம் சேர் இளைப்பாறிய வங்கி முகாமையாளர். எங்கள் பக்கத்தில் எந்தச் சங்கத்தைத் தொட்டாலும் தலைவர் அவர்தான். பாடசாலை அபிவிருத்திச் சங்கம், பழைய மாணவர் சங்கம், கோயில் பரிபாலன சபை, வாசிகசாலை, மயானச் சங்கம். பிறந்தவன் சாகும்வரைக்கும் அவருடைய தலைமையுரையிலிருந்து தப்ப முடியாது, செத்தாலும் முடியாது. என் கணவர் நிருஷன் படிப்பிக்கிற கடற்கரைப் பள்ளிக்கூடத்துக்கு இலண்டனிலிருந்து நமசிவாயம் என்ற பழைய மாணவர் ஒரு ரோபோட்டிக்ஸ் கூடம் அன்பளிப்புச் செய்தார். தகப்பனுடைய நினைவாக. நாற்பது போர்ட் என்னிடம் வாங்கினார்கள். நிருஷன் அங்கே தகவல் தொழில்நுட்ப ஆசிரியர் என்பதால் கிடைத்த ஓடர் என்று நினைக்க வேண்டாம். மூன்று இடத்தில் விசாரித்துவிட்டுத்தான் வந்தார்கள், பிறகு மூன்று முறை விலையும் குறைக்கச் சொன்னார்கள்.

திறப்புவிழாவுக்கு எனக்கு அழைப்பில்லை. மேடையில் பதினொரு கதிரை இருந்ததாம். சாமான் விற்றவளைக் கூப்பிடுவது எங்கள் ஊர் வழக்கமில்லை, கறிக்கு மீன் விற்றவளைப் பந்தியில் இருத்துவதில்லைத்தானே. நான் வீட்டில் இருந்து காலிக்குப் போகிற பார்சல் ஒன்றைச் சுற்றிக்கொண்டிருந்தேன். நிருஷன் பின்னேரம் வந்து வேட்டியை மாற்றிக்கொண்டு, "நல்லா நடந்தது" என்றார். கையில் ஒரு லட்டுப் பொட்டலம். நானும் வாங்கித் தின்றேன்.

திங்கட்கிழமை பிள்ளைகள் போர்ட்டுகளைப் பொருத்திப் பார்த்தார்கள். நாற்பதில் ஒன்றும் எழும்பவில்லை.

அன்று மத்தியானமே செல்வநாயகம் சேர் பழைய மாணவர் குழுவில் எழுதிவிட்டார். "அனைவரும் அவதானமாக இருக்கவும். கறண்டுக்கடை என்னும் பெயரில் இணையத்தில் வியாபாரம் செய்வோர் எமது பாடசாலைக்குத் தரமற்ற போலிச் சாதனங்களை விநியோகித்துள்ளமை மிகுந்த மனவேதனையைத் தருகிறது." அந்தக் குழுவில் ரொறன்ரோவிலிருந்து ஒஸ்லோ வரைக்கும் ஆட்கள். மனவேதனை உலகம் சுற்றுவதற்கு அரை நாள் போதுமாயிருந்தது. ஒருவர் கண்ணீர்ப் படம் போட்டார். இன்னொருவர், "எங்கட சனத்தை எங்கட சனமே ஏமாத்துது" என்று எழுதி அதற்கு நாற்பது பேரிடம் பெருவிரல் வாங்கினார். பின்னேரத்துக்குள் யாரோ அதை என் கடைப் பக்கத்திலேயே கொண்டுவந்து ஒட்டினார்கள். கண்டியில் ஒரு கல்லூரி, மட்டக்களப்பில் இரண்டு பொடியள், கிளிநொச்சியில் விவசாயப் பண்ணை வைத்திருந்த ஒரு அண்ணை, எல்லாரும் வரிசையாக ஓடரை நிற்பாட்டினார்கள். பண்ணைக்கார அண்ணை மட்டும், "குறை நினையாதேங்கோ தங்கச்சி" என்று ஒரு வரி எழுதினார். குறை நினைக்காமல் வேறு என்ன செய்வது?

நிருஷன் அன்று பின்னேரம் போர்ட்டுகளை ஒரு பிஸ்கற் பெட்டியில் போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். என்னைப் பார்க்காமல் வைத்தார். பெட்டியைத் திறந்தேன். கோயில் வாசனை அடித்தது.

ஒவ்வொரு சிப்பின் நெற்றியிலும் சந்தனம். காய்ந்து வெடித்திருந்தது. சந்தனத்தின் நடுவில் குங்குமம். கால்களுக்கு இடையில் திருநீறும் தண்ணீரும் குழைந்து சுண்ணாம்புபோல இறுகியிருந்தது. இரண்டில் பூவிதழ்கூட ஒட்டியிருந்தது. அதைத் துடைத்தால் பாவம் என்று துடைக்காமல் அனுப்பியிருந்தார்கள் போலும். போர்ட்டைக் கொல்லலாம், பொட்டை அழிக்கக்கூடாது.

"இதென்ன?" என்று கேட்டேன்.

"பூசை செய்தவை."

"பூசை செய்யேக்கை வயர் பூட்டியிருந்ததோ?"

நிருஷன் சேட்டைக் கழற்றி ஆணியில் கொழுவினார். பிறகு, "எனக்குச் சரியா ஞாபகமில்லை," என்றார். காலையில் வெட்டின நகம் எந்த விரலில் எத்தனை மில்லிமீற்றர் என்று ஞாபகம் வைத்திருக்கிற மனிதர்.

அவருக்கு ஞாபகமில்லாதது முகநூலில் இருந்தது. பழைய மாணவர் சங்கப் பக்கத்தில் திறப்புவிழாப் படங்களைத் தாங்களே வெட்கமில்லாமல் ஏற்றியிருந்தார்கள். அதில் ஒரு படம்: நீள மேசை, வாழையிலை, இலையில் வரிசையாக என்னுடைய நாற்பது போர்ட். அத்தனையிலும் சின்ன நீல விளக்கு எரிகிறது, அத்தனையிலும் ஒரு குட்டிக் காற்றாடி சுழல்கிறது. செல்வநாயகம் சேர் குனிந்து, ஒரு போர்ட்டின் நடுவில் பெருவிரலால் சந்தனத்தை அப்புகிறார். முகத்தில் பெரிய பக்தி. பக்கத்தில் சந்தனக் கிண்ணமும் செம்பும் வைத்த தட்டை ஏந்திக்கொண்டு, கமராவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்பவர் என்னுடைய கணவர். அந்தப் படத்துக்கு இருநூறு பேருக்குமேல் இதயம் போட்டிருந்தார்கள்.

இலண்டன் நமசிவாயம் காணொளியில் பார்க்கும்போது காற்றாடி சுழல வேண்டும் என்று கேட்டிருந்தாராம். காற்றாடிக்காகப் பன்னிரண்டு வோல்ட் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டு வோல்ட் வருகிற காலுக்கும் மூன்று வோல்ட்டில் சீவிக்கிற காலுக்கும் நடுவில் ஒரு நெல்மணி கிடக்கிற இடம்தான் உண்டு. அந்த இடத்தில் ஈரச் சந்தனத்தை அப்பி, மேலே தீர்த்தமும் தெளித்தால் எந்தச் சாமி வந்தாலும் சிப்பைக் காப்பாற்ற முடியாது. ஐயர் தூரத்தில் நின்று மாவிலையால் நாலு துளி தெளித்துவிட்டு விலகிவிட்டாராம். திருப்திப்படாமல் செம்பை வாங்கி, ஒன்றும் விடுபடாமல் பார்த்துப் பார்த்து ஊற்றியவர் தலைவர்.

இதையெல்லாம் படத்தை முன்னால் வைத்துக்கொண்டு நிருஷனின் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக நூர்ந்தபோது சபை கைதட்டியதாம். அதுவும் நிகழ்ச்சி நிரலில் உள்ளதுதான் என்று நினைத்தார்களாம்.

"நீங்களும் கைதட்டினனீங்களோ?"

"என்ரை கையிலை தட்டு இருந்தது."

இதற்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் சிரித்தேன். பிறகு கோபம் வந்தது. "மனிசி ராத்திரி பகலாச் செக் பண்ணித் தந்த சாமான். கண்ணுக்கு முன்னாலை நூர்க்கிறாங்கள். பாத்துக்கொண்டு நிண்டிருக்கிறியள்."

"நான் என்ன செய்யிறது கஜானி? சபையிலை வைச்சுச் சாமி காரியத்தை மறிக்கிறதோ?"

"சாமியை ஆர் மறிக்கச் சொன்னது? பிளக்கைக் கழட்டியிருக்கலாம்."

அவர் பிஸ்கற் பெட்டியை மூடினார். "இடமாற்றப் பட்டியல் வரப்போகுது. பள்ளிக்கூட அதிபர் சொல்லுறார், செல்வநாயகம் சேர் மனம் நொந்தால் இலண்டன் உதவியும் நிண்டுபோம், என்ரை பேரும் தீவுப்பக்கம் போம் எண்டு. இருபது போர்ட்டாவது மாத்திக் குடுத்திட்டு, மன்னிப்புக் கேட்டிட்டு விடும். பிறகு சனம் மறந்திடும்," என்றார்.

காதலித்துத்தான் கட்டினேன், யாரையும் குற்றம் சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்தில் இவர் எல்லாரோடும் நல்ல பிள்ளை. அன்றைக்கு அது எனக்குப் பண்பாகத் தெரிந்தது. எல்லாரோடும் நல்ல பிள்ளையாக இருக்கிறவர் பக்கத்தில் இருக்கிறவளுக்கு ஒரு நாளும் உதவமாட்டார் என்பது கலியாணம் முடித்த பிறகுதான் விளங்குகிறது. "செய்யாத பிழைக்கு மன்னிப்புக் கேட்டால் நான் கள்ளச் சாமான் வித்தது உண்மையாப் போம். சனம் மறக்காது. மன்னிப்பைக் காட்டிக் காட்டிச் சொல்லும்," என்றேன். அவர் சாப்பிடாமல் படுத்தார். நானும் அவரை எழுப்பவில்லை.

அடுத்த ஞாயிறு பின்னேரம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். "விளக்கமளிக்குமாறு" என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். விழாவுக்கு இல்லாத அழைப்பு விசாரணைக்கு வந்தது. பிஸ்கற் பெட்டியையும், ஒரு புதுப் போர்ட்டையும், அவர்கள் பாவித்த மாதிரியே ஒரு பன்னிரண்டு வோல்ட் அடப்ரரையும் பையில் போட்டுக்கொண்டு போனேன். நிருஷன் முன்னாலேயே போய் ஆசிரியர்களோடு மூன்றாவது வரிசையில் இருந்தார்.

தேவாரம் படித்தார்கள். தேநீரும் ரோல்ஸும் வந்தன. எனக்கு மட்டும் ரோல்ஸ் வரவில்லை. செல்வநாயகம் சேர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழும்பினார்.

"பிள்ளை, நாங்கள் உம்மைக் குற்றம் சொல்லக் கூப்பிடேல்லை. விளக்கம் கேக்கத்தான் கூப்பிட்டனாங்கள்."

"விளக்கம் கேக்க முதலே உலகம் முழுக்கச் சொல்லிப் போட்டியளே, சேர்."

"அது சனத்தை அவதானமா இருக்கச் சொன்னது. பொது நன்மைக்கு."

பெட்டியைத் திறந்து மேசையில் கவிழ்த்தேன். போர்ட்டுகள் பொட்டோடு சிதறின. முன்வரிசையில் இருந்த ஒரு அம்மா தன்னையறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். நான் சொல்ல வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னேன்: வயர் பூட்டிய நிலையில் தண்ணீரும் சந்தனமும் பட்டதால் எரிந்திருக்கிறது, சாமானில் பிழையில்லை.

சபை நெளிந்தது. "அப்ப சாமி பிழையெண்டு சொல்லுறீரோ?" என்றார் ஒருவர். "எங்கடை கோயில் தீர்த்தத்துக்கு நோய் வருத்தம் மாறியிருக்கு. உவ என்ன, தீர்த்தம் பட்டுப் பழுதாப் போச்சாம்," என்றார் பின்னாலிருந்து ஒருவர். பொறியியலாளர் என்று சொல்லிக்கொள்கிற ஒரு பழைய மாணவர் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு நான் சொன்னது தெரியும். தெரிந்ததை வாய்திறந்து சொன்னால் அடுத்த வருடம் மேடையில் கதிரை கிடையாது என்பதும் தெரியும்.

அப்போதுதான் நிருஷன் எழும்பினார். வெட்கமாயிருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன், அந்த ஒரு கணம் எனக்கு அவரில் நம்பிக்கை வந்தது.

"சேர், ஒரு விசயம். எங்கடை பள்ளிக்கூடம் கடலுக்குப் பக்கத்திலை. உப்புக்காத்து. அந்த மூண்டு நாளிலை கடற்காத்துத்தான் போர்ட்டுகளை அரிச்சிருக்க வேணும்."

சபை முழுக்க மூச்சு விட்டது. கடற்காத்து! யாருக்கும் நோகாது. கடற்காத்துக்குச் சங்கமில்லை, தலைவரில்லை, இலண்டனில் சொந்தக்காரரும் இல்லை. அதிபர் தலையை ஆட்டினார். கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த பொறியியலாளர் கீழே இறங்கி வந்து, "ஓம், உப்பு பொல்லாதது," என்று ஒத்து ஊதினார். நிருஷன் என்னைப் பார்த்தார். உன்னையும் காப்பாற்றி என்னையும் காப்பாற்றிவிட்டேன் பார்த்தாயா என்கிற பார்வை.

செல்வநாயகம் சேருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப உம்மிலை பிழையில்லைப் பிள்ளை! நான் இண்டைக்கே குழுவிலை ஒரு திருத்தம் போட்டுவிடுறன். கறண்டுக்கடைச் சாமான் போலியில்லை, நல்ல சாமான். ஆனால் கடற்காத்துக்குத் தாங்காது எண்டு."

கைதட்டினார்கள். எனக்கு இரண்டு ரோல்ஸ் ஒரு தட்டில் வந்தது.

நான் ரோல்ஸைப் பார்த்தேன். பிறகு என் கணவரைப் பார்த்தேன். பாவி மனிதர், என்னைக் காப்பாற்றுகிறேன் என்று கழுத்தையே அறுத்துவிட்டு நிற்கிறார்.

"சேர்," என்றேன். "யாழ்ப்பாணத்திலை கடற்காத்து அடிக்காத இடம் ஒண்டு சொல்லுங்கோ. நான் அங்கை போய்க் கடை போடுறன்."

யாரோ மெதுவாக, "சாவகச்சேரி," என்றார். "அங்கையும் கடலேரிக் காத்து அடிக்கும்," என்று பக்கத்திலிருந்தவர் திருத்தினார்.

"குடாநாடு முழுக்கக் கடல். மட்டக்களப்பிலை கடல், காலியிலை கடல். கடற்காத்துக்குத் தாங்காத சாமான் எண்டு நீங்கள் எழுதினால், என்னட்டை ஆர் வாங்குவினம்? போலி எண்டு சொன்னதே நல்லது சேர், அதுக்காவது நான் மறுத்துக் கதைக்கலாம்."

புதுப் போர்ட்டை வெளியே எடுத்தேன். மண்டபத்துச் சொக்கெற்றில் அடப்ரரைச் செருகி, விழாவில் பூட்டிய மாதிரியே பூட்டினேன். நீல விளக்கு எரிந்தது. மண்டபத்து யன்னலெல்லாம் திறந்திருந்தது, நல்ல காற்று. விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. சரஸ்வதி படத்தடியில் இருந்த சந்தனக் கிண்ணத்தையும் செம்பையும் எடுத்துவந்து தலைவருக்கு முன்னால் வைத்தேன்.

"சேர், அண்டைக்கு நாப்பதுக்கு வைச்சியள். இண்டைக்கு இதுக்கும் ஒரு பொட்டு வையுங்கோ. சந்தனத்திலை ஒரு பிழையும் இல்லையெண்டால் ஒண்டும் நடவாது. நடக்கேல்லையெண்டால் நான் நாப்பதையும் புதுசாத் தந்து, சபையிலை விழுந்து கும்பிடுறன்."

செல்வநாயகம் சேர் கையை நீட்டினார். விரல் கிண்ணத்துக்கு மேலே நின்றது. எரிகிற விளக்கைப் பார்த்தார், சபையைப் பார்த்தார், சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். கையை மடக்கினார்.

"இப்ப இராகுகாலம், பிள்ளை."

உண்மைதான், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் இராகுகாலம். அந்த இராகுகாலத்தில் கூட்டம் வைத்தவரும் அவர்தான். பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவரின் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் தெரியும். விழாவில் விளக்குகள் நூர்ந்தபோதே தெரிந்திருக்க வேண்டும். தெரிந்துகொண்டுதான் என் பெயரை உலகம் முழுக்க நாறடித்தார்.

நான் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு மூன்றாவது வரிசைக்குப் போனேன். "நீங்கள் வையுங்கோ, சேர்," என்றேன். வீட்டுக்கு வெளியே, அவருடைய பள்ளிக்கூடத்தில், நானும் அவரைச் சேர் என்றுதான் சொல்வேன்.

நிருஷன் கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிபர் அவரைப் பார்த்துத் தலையை இடமும் வலமும் ஆட்டினார், மெதுவாக, ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி. எனக்கு அவரில் இரக்கம் வந்தது. வந்த இரக்கத்தை விழுங்கிக்கொண்டு கிண்ணத்தை நீட்டியபடியே நின்றேன்.

அவர் எழும்பினார். மேசைக்குப் போனார். செம்பில் விரலை நனைத்து, சந்தனத்தைத் தொட்டு, ஒரு ஆசிரியர் கரும்பலகையில் எழுதுகிற கவனத்தோடு, விளக்கு எரிந்துகொண்டிருந்த போர்ட்டின் நடுவிலும் கால்களிலும் பூசினார். செம்பிலிருந்து கொஞ்சம் தெளித்தார். நீல விளக்கு இரண்டு தரம் சிமிட்டியது. நூர்ந்தது. மெல்லிய கருகல் மணம் வந்தது.

இந்த முறை ஒருவரும் கைதட்டவில்லை.

"பாத்தியளே," என்றார் செல்வநாயகம் சேர். "நான் சொன்னனான்தானே, சாமான் வலுவில்லாத சாமான்."

நிருஷன் திரும்பினார். "இல்லை சேர். சாமான் நல்லம். அண்டைக்குத் தட்டுப் பிடிச்சது நான். வயரைக் கழட்ட வேணும் எண்டு எனக்குத் தெரியும். பிள்ளையளுக்கு அதைத்தான் முதல் பாடமாப் படிப்பிக்கிறனான். நீங்கள் கோவிப்பியள் எண்டு பயந்து கழட்டேல்லை. இப்ப சொன்ன கடற்காத்தும் அந்தப் பயத்திலை சொன்னதுதான்."

அதோடு இருந்துவிட்டார். சந்தன விரலை வேட்டியில் துடைத்தார். நான் மேசையில் கிடந்த போர்ட்டுகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் போட்டேன். அழுகை வந்தது, அழவில்லை. அந்தச் சபைக்கு முன்னால் அழுவதற்கு எனக்கென்ன தலைவிதி?

மறுநாள் குழுவில் அறிவித்தல் வந்தது. மன்னிப்பு என்று நினைத்தால் நீங்கள் எங்கள் ஊரில் பிறக்கவில்லை என்று அர்த்தம். "மின்சாதனங்களுக்குப் பூசை செய்யும்போது மின் இணைப்பைத் துண்டித்துவிட்டே தீர்த்தம் தெளித்தல் வேண்டும் என எமது தலைவர் திரு. செல்வநாயகம் அவர்கள் விஞ்ஞானபூர்வமாக ஆலோசனை வழங்கியுள்ளார். கறண்டுக்கடைச் சாதனங்கள் தரமானவை என்பதும் அவரது முன்னிலையில் பரீட்சித்து உறுதி செய்யப்பட்டது." ரொறன்ரோவிலிருந்து இதயம் வந்தது. ஒஸ்லோவிலிருந்து இரண்டு கைகள் கூப்பியபடி வந்தன. ஆன்மிகமும் விஞ்ஞானமும் கைகோக்கும் காலம் என்று ஒருவர் நாலு பந்தி எழுதினார். எப்படியோ, என் பெயர் எனக்குத் திரும்பி வந்தது. கண்டிக் கல்லூரி மறுபடி எழுதியது. கிளிநொச்சி அண்ணையும் எழுதினார்.

இடமாற்றப் பட்டியலும் வந்தது. நிருஷனுக்கு நெடுந்தீவு. அங்கே கொம்பியூட்டர் அறை ஒன்று இருக்கிறதாம், ஆனால் கொம்பியூட்டர்கள் இல்லையாம். அவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டு மடித்து வைத்தார். ஒரு வார்த்தை என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாயிருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் குறிகட்டுவான் துறைக்குப் போய் வள்ளம் ஏறுகிறார், வெள்ளிக்கிழமை இரவில் திரும்பி வருகிறார். எனக்கு அவரில் கோபம் இன்னும் முழுதாக ஆறவில்லை, அவர் இல்லாத வீட்டில் இருக்கவும் முடியவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சுக்குள் எப்படி இருக்கிறது என்று எனக்கே விளங்கவில்லை.

போன புதன்கிழமை செல்வநாயகம் சேர் தொலைபேசியில் வந்தார். குரலில் பாகு ஊறியது. கோயிலில் மணியடிக்கவும் விளக்குப் போடவும் தன்னியக்க ஏற்பாடு செய்யப் போகிறார்களாம், நமசிவாயம் மறுபடி உதவுகிறாராம்.

"உம்மட்டைத்தான் வாங்க வேணும் எண்டு நான் நிண்டு கதைச்சுப்போட்டன், பிள்ளை. இந்த முறை உமக்கு மேடையிலை கதிரை. பொன்னாடையும் இருக்கு."

"மேடை வேண்டாம் சேர். அவரை ஊருக்குத் திரும்பக் கொண்டுவாங்கோ."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. ஐந்து சங்கத்தின் தலைவர் பெருமூச்சு விட்டார். "அது என்ரை கையிலை இல்லையே, பிள்ளை."

றாக்கை நிறையப் போர்ட்டுகள் இருந்தன. முதல் நாள்தான் புதுப் பெட்டி வந்து, ஒவ்வொன்றையும் ஏற்றிப் பார்த்து அடுக்கியிருந்தேன்.

"அப்பிடியெண்டால் உங்களுக்குத் தர என்ரை கையிலையும் ஒண்டுமில்லை, சேர்," என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.